ஆமென் இல்லாத பாட்டு

ஆறுதல்புரத்தில் ஒரு பாட்டு நிற்காமல் போனதற்குக் காரணம் யாரும் அதற்கு ஆமென் சொல்லவில்லை என்பதுதான். வேறு காரணம் தேடிப் போனவர்கள் எல்லோரும் தேரிக்காட்டுச் செம்மண்ணைக் காலில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள் என்பதால் நாமும் தேட வேண்டாம். அந்த ஊர்ச் சபையில் நூற்றைம்பது வருஷமாக எந்தப் பாட்டைப் பாடினாலும் கடைசியில் நாலு குரலையும் ஒன்றாக நிறுத்தி, இழுத்து, ஆமென் பாடித்தான் முடிப்பார்கள். கல்யாணப் பாட்டுக்கும் ஆமென், அடக்கப் பாட்டுக்கும் ஆமென், போர் போட்டுத் தண்ணீர் வந்த அன்றைக்குப் பாடிய பாட்டுக்கும் ஆமென், சமையல்கட்டில் தன்பாட்டுக்கு முணுமுணுக்கிற பெண்கள்கூட கேஸ் அடுப்பை அணைக்கும்போது ஒரு சின்ன ஆமெனைப் போட்டுத்தான் அணைப்பார்கள். இப்படியே இருந்து இருந்து அந்த ஊர்ப் பாட்டுகளுக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது: ஆமென் வந்தால் போகலாம், வராவிட்டால் இருக்க வேண்டும்.

ஹெப்சிபா தங்கத்துரைக்கு இது தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவள் அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள், ஐந்து வயதிலிருந்து அந்தப் பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்றவள். தெரிந்தேதான் ஆமெனை எழுதாமல் விட்டாள், ஏன் விட்டாள் என்று கேட்டவர்களிடம் ஏன் விடக்கூடாது என்று திருப்பிக் கேட்டாள், அதுதான் அவள் குணம். இருபத்திநாலு வயது, சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய இசையில் முதுகலை இரண்டாம் வருஷம். ரயிலில் எதிர் சீட்டுக்காரரோடு விழுப்புரத்தில் தொடங்கிய வாக்குவாதத்தைத் தூத்துக்குடியில் இறங்கும்போது ஜெயித்து முடிக்கிற பெண்.

அவளுடைய கோபத்துக்கு ஒரு வயது உண்டு, அது ஒன்பது. ஒன்பது வயதில், நீளமான பிரசங்கங்களின்போது, அவள் பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களில் வலதுபக்க மூலையில் இருந்த பெயர்களை வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் இசை எழுதினவர் பெயர், அடைப்புக்குறிக்குள் பிறந்த வருஷம், ஒரு கோடு, செத்த வருஷம். எல்லோரும் ஆண்கள், எல்லோரும் தூரதேசத்துக்காரர்கள், எல்லோரும் செத்தவர்கள். ஊர்க்காரர்கள் கட்டின பாட்டுகளும் பின்னட்டைக்கு முன்னால் பத்துப் பதினைந்து இருந்தன, அவற்றுக்கு மேலே பெயரே இல்லை. அந்தப் பத்துப் பதினைந்தும் தானாகப் புற்றுபோல வளர்ந்ததா என்று அவள் ஞாயிறு பள்ளியில் கேட்டதற்கு, கர்த்தருக்குத் தெரியும் என்று பதில் வந்தது. கர்த்தருக்குத் தெரிந்ததை அச்சுக்காரருக்கும் சொன்னால் என்ன என்று அவள் மறுபடி கேட்டதற்கு, அடுத்த வசனத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்.

சென்னையில் அவளுக்கு வேறொரு காது திறந்தது. இசைத்துறையில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கிற ஒரு சின்ன அறை இருந்தது, அங்கே அவள் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, அறுபது வருஷத்துக்கு முன்னால் கடலுக்கு அந்தப் பக்கம் சிலபேர் செய்த காரியத்தைக் கேட்டாள். பெரிய பெரிய இசைக்கோவைகளை ஓரமாக வைத்துவிட்டு, நாலைந்து சுரங்களை மட்டும் எடுத்து, அதையே திரும்பத் திரும்ப வாசித்து, ஒரு கை இன்னொரு கையைவிட மயிரிழை முந்தும்படி விட்டு, அந்த விலகலிலிருந்து புதுப்புது உருவங்கள் தானே எழும்பி வரக் காத்திருந்தார்கள். ஹெப்சிபாவுக்கு அது அந்நியமாகவே இல்லை. கீழத்தெருப் பீடி ஷெட்டில் முப்பது பெண்கள் ஒரே கையசைவில் பீடி சுற்றுவதையும், ஒவ்வொருத்தி கையும் பக்கத்துக் கையைவிட்டுச் சற்றே விலகி விலகிப் போய், எப்போதோ ஒரு கணம் முப்பது கையும் ஒன்றாக நூல் கட்டுவதையும் பார்த்து வளர்ந்தவள் அவள். நானும் ஒன்று எழுதுகிறேன் என்று பேராசிரியரிடம் போனபோது அவர் சிரித்தார். மினிமலிசமெல்லாம் முடிந்துபோன கதைம்மா, அந்தச் சொத்தை எல்லோரும் பங்குபோட்டுத் தின்னாச்சு, நீ புதுசா ஏதாவது செய் என்றார். சொத்து யாருக்குப் போகணும்னு எழுதின உயிலைக் கொஞ்சம் காட்டுங்க சார், எங்க ஊர்ப் பேரு அதில் விட்டுப்போயிருக்கும் என்று இவள் சொன்னாள். அந்த அரையாண்டில் அவளுக்குக் கிடைத்த மதிப்பெண்ணைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

ஆக, சென்னைக்குப் பழையதாகிப்போன ஒன்றை ஊருக்கு எடுத்து வந்தாள், ஊருக்கோ அது தாங்க முடியாத அளவுக்குப் புதியதாக இருந்தது. கோயில் பிரதிஷ்டையின் நூற்றைம்பதாம் பண்டிகை வரப்போகிறது, பேராயர் வருகிறார், அசன விருந்து உண்டு, நான் ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன் என்று பாடகர் குழுத் தலைவர் வேதமுத்து சாரிடம் தாளை நீட்டினாள். வேதமுத்து சார் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், முப்பத்திரண்டு வருஷமாக ஆர்கன் வாசிப்பவர், சுருதி தப்பினால் சாக்பீஸால் அடிப்பவர். தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபக்கம் காலி.

பாட்டு அவ்வளவுதான். ஐந்து சுரம், ஐந்து அசை, ஒரு வார்த்தை: நானிருக்கிறேன். மேல்குரலான சோப்ரானோ பாடும் பெண்கள் அதை மூச்சு விடாமல் திரும்பத் திரும்பப் பாட வேண்டும், ஐந்து தாள அடி. ஆல்ட்டோ பெண்கள் அதே ஐந்தைப் பாடி ஓர் அடி சும்மா இருக்க வேண்டும், ஆறு. டெனர் ஆண்கள் இரண்டு அடி சும்மா, ஏழு. கட்டைக்குரல் பேஸ் ஆண்கள் மூன்று அடி சும்மா, எட்டு. எல்லோரும் ஒன்றாகத் தொடங்குவார்கள், அப்புறம் அவரவர் வழியில் விலகிப் போவார்கள்.

"இந்த நான் யாரு? கடவுளா, நீயா?" என்று கேட்டார் வேதமுத்து சார்.

"யார் பாடுதாங்களோ அவங்க சார்."

சபையை நடத்துகிற சேகரக் கமிட்டிச் செயலர் தனராஜ் அண்ணாச்சி அதைவிடக் கறாரானவர். சிமெண்ட் ஏஜென்சி வைத்திருந்தார், கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதுகூட அவர் கண்ணசைவில்தான் நடக்கும். பண்டிகை நோட்டீஸ் புத்தகத்தில் இந்தப் பாட்டுக்கு மேலே, இசை, ஹெப்சிபா தங்கத்துரை என்று அச்சடிக்க வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை என்று அவள் சொன்னபோது அண்ணாச்சி மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார், ஆறுதல்புரம் பாடகர் குழு என்று போட்டுக்கலாம், அதில் நீயும்தான் இருக்கிறாய்.

"இங்க பாரும்மா. அந்தப் புஸ்தகத்துல பேர் போட்டிருக்கிற அம்புட்டுப் பேரும் செத்தவங்க. உனக்கு என்ன அவசரம்?"

அவள் ஒன்றரை மணி நேரம் வாதாடினாள். பெயர் இல்லாவிட்டால் பாட்டும் இல்லை என்று சொல்லிவிட்டு வாசல்வரை வந்து, இருபது குரலில் அதைக் கேட்காமல் இந்த ஊரைவிட்டுப் போக முடியாது என்று அவளுக்கே தெரிந்ததால் திரும்பிப் போய், சரி, ஒத்திகையாவது வைப்போம் என்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஒத்திகை. பதினோரு பெண்கள், ஒன்பது ஆண்கள். முதல் ஐந்து நிமிஷம் டெனர்காரர்கள் எண்ணிக்கை தப்பி ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள், அப்புறம் தப்பாமல் போக ஆரம்பித்தது, அப்புறம் இனிமேல் தப்ப முடியாது என்று ஆனது. ஆமென் இல்லை என்று ஹெப்சிபா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அவள் கையை உயர்த்தி முஷ்டியை மூடினாள், இருபது வாயும் மூடின, பாட்டு போய்க்கொண்டிருந்தது. ஆல்ட்டோ பாடுகிற ரஞ்சிதம் அக்கா பாட்டிலைத் திறந்து மடமடவென்று தண்ணீர் குடித்தாள், அவளுடைய ஆல்ட்டோ மேலே விட்டத்தையொட்டிப் பாடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், தங்கள் தங்கள் குரலை அடையாளம் கண்டுகொண்டார்கள், ஒருவர் தன் குரலுக்குச் சளி பிடித்திருக்கிறது என்றார். வேதமுத்து சார் ஆர்கன் மூடியை இறக்கினார், ஃபேனை நிறுத்தினார், நேரமாச்சு என்றார். கதவைப் பூட்டப் போகும்போது பாட்டும் அவர்களோடு வெளியே வந்தது, ஆராதனை முடிந்து சனங்கள் வருவதுபோல இடித்துக்கொள்ளாமல், பெண்கள் குரல் முதலில், ஆண்கள் குரல் பின்னால். சோப்ரானோ மேலத்தெருவுக்குப் போனது. ஆல்ட்டோ கீழத்தெருவில் பீடி ஷெட்டை ஒட்டி நின்றது. டெனர் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டது. பேஸ் பாடுகிறவர்கள் எப்போதும் சோம்பேறிகள், அது கோயிலை விட்டு நகரவேயில்லை.

மறுநாள் ஞாயிறு. குருவானவர் முதல் பாட்டை அறிவித்தார், சபை எழுந்தது, பாட ஆரம்பித்த மூன்றாம் வரியிலேயே எல்லோரும் நானிருக்கிறேனில் வழுக்கி விழுந்தார்கள். சரி, ஆமென் பாடி அதை அனுப்பிவிடலாம் என்று தனராஜ் அண்ணாச்சி எழுந்து கையைக் காட்ட, சபை முழுவதும் நெஞ்சு நிறைய ஆமென் பாடியது. பாட்டு அதைக் கண்டுகொள்ளவில்லை. வழியில் போகிறவரைப் பார்த்து யார் வீட்டு நாயோ குரைத்ததுபோல, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. மூன்று தடவை பாடிப் பார்த்தார்கள், நாலாவது தடவை குருவானவர் போதும் என்றார், அவருக்கு அன்றைக்கு ஒரு கல்யாணம் வேறு நடத்திவைக்க வேண்டியிருந்தது.

அந்த வாரம் ஊர் பாட்டுக்குப் பழகிக்கொண்டது. பழகிக்கொண்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் அது அநியாயம், ஏனென்றால் ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு விதமாகப் பழகிக்கொண்டது. மேலத்தெருவில் சோப்ரானோ ஓய்வே இல்லாமல் ஐந்து ஐந்தாகப் போனதால் அங்கே எல்லோரும் வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள், தண்ணீர்க் குழாயில் சண்டை குறைந்தது, ஏனென்றால் ஒரு குடம் நிரம்ப எத்தனை நானிருக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. டீக்கடையில் ஏழு அடியில் இரண்டு அடி சும்மா இருக்கும், அந்த இரண்டு அடியில்தான் மாஸ்டர் டீயை ஆற்றுவார், அந்த இரண்டு அடியில்தான் அரசியல் பேச முடியும், அதனால் அங்கே எல்லோருடைய கருத்தும் சுருக்கமாயிற்று. கோயிலில் பேஸின் மூன்று அடி மௌனத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினால் நன்றாக இருக்கிறது என்று ஆண்கள் சிலர் வார நாட்களிலும் வந்தார்கள். இரண்டு தெரு சந்திக்கிற முனைகளில் இரண்டு குரலும் கலந்து ஒரு புது உருவம் கேட்கும், அதைக் கேட்பதற்கென்றே சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிற்பவர்கள் உண்டு. ஊருக்குத் தெற்கே சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த மேளக்காரர்கள் டீக்கடையில் இறங்கி, ஒரு டீ குடிப்பதற்குள் அந்த ஏழு அடியைப் பிடித்துக்கொண்டு, அந்த வருஷக் கொடை முழுக்க அதன் மேலேயே ஏறி வாசித்தார்கள், சாமியாடி நன்றாக ஆடினார் என்று கிறிஸ்தவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து ஊரிலிருந்து யாரோ புகார் எழுதிப்போட, ஓர் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து ஒலிபெருக்கியைத் தேடினார், தேடிக் களைத்து டீக்கடையில் உட்கார்ந்தார், இரண்டு டீ குடித்தார், பறிமுதல் செய்வதற்கு எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

ஹெப்சிபா தெருத்தெருவாக நடந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. எந்த அரங்கத்திலும் எந்தப் பேராசிரியருடைய மாணவருக்கும் இப்படி ஓர் ஊரே வாத்தியமாக வாய்த்ததில்லை. ஆனால் டீக்கடையில் வெளியூர்க்காரர் ஒருவர் இது என்ன பாட்டு, யார் போட்டது என்று கேட்டபோது, இங்கே இப்படித்தான் கேட்கும், காற்று அப்படி என்று மாஸ்டர் சொன்னதை அவள் காதாலேயே கேட்டாள். காற்று! அவளுக்கு மறுபடியும் ஒன்பது வயதாகிவிட்டது. இன்னும் நூறு வருஷம் கழித்து இந்தப் பாட்டு பின்னட்டைக்கு முன்னால் பெயரில்லாமல் உட்கார்ந்திருக்கும், அப்போது இன்னொரு சிறுபெண் பிரசங்க நேரத்தில் அதைப் பார்ப்பாள், கர்த்தருக்குத் தெரியும் என்று அவளுக்கும் சொல்வார்கள்.

ஒன்பதாம் நாள் வேதமுத்து சார் அவள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்றை நீட்டினார்.

"ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. மீச்சிறு பொது மடங்கு என்ன?"

அவள் யோசிப்பதற்குள் அவரே சொன்னார். எண்ணூற்று நாற்பது. ஓர் அடிக்கு ஒரு வினாடி. பதினாலு நிமிஷத்துக்கு ஒருமுறை நாலு குரலும் ஒரே அடியில் வந்து நிற்கும், அந்த ஒரே அடியில்தான் ஆமென் ஒட்டும், நாம் கண்ட நேரத்தில் பாடினதால்தான் ஒட்டவில்லை. கமிட்டிக்கு இன்னும் சொல்லவில்லை, பாட்டு உன்னுடையது, அதனால் உன்னிடம் முதலில் சொல்கிறேன் என்றார். போகும்போது படியில் நின்று, சாக்பீஸ் படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முப்பத்திரண்டு வருஷமா வாசிக்கேன். வாசிச்சது ஒண்ணையும் உள்ளே போய்ப் பாத்ததில்ல. இப்பதான் பாக்கேன்."

அன்றிலிருந்து ஊருக்கு அந்தக் கணம் தெரிந்துபோனது. அதற்குக் கூடுகை என்று பேர் வைத்தார்கள். பதினாலு நிமிஷத்துக்கு ஒருமுறை நாலு இடத்திலும் ஒரே அடியில் நா என்று விழும், அந்த நேரத்தில் பீடி ஷெட்டில் முப்பது கையும் ஒன்றாக நூல் கட்டும், டவுன் பஸ் டிரைவர் கூடுகை கேட்டுத்தான் கியர் போடுவார், பள்ளிக்கூடத்தில் ஒரு பாடவேளைக்கு மூன்று கூடுகை என்று கணக்கு வந்தது, பரீட்சைக்கும் அதுவே மணி. இட்லி எத்தனை கூடுகை வேக வேண்டும் என்று மருமகள்களுக்கு மாமியார்கள் சொன்னார்கள், மருமகள்கள் ஒன்று போதும் என்று எதிர்த்துச் சொன்னார்கள், மருமகள்கள் சொன்னதுதான் சரி.

கூடுகை எல்லோருக்கும் தெரிந்தபோது தனராஜ் அண்ணாச்சிக்கும் தெரிந்தது. பண்டிகைக்கு நாலு நாள் இருந்தது. பேராயர் வந்து நிற்கும்போது தன்னுடைய ஏற்பாட்டில் இல்லாத ஒரு சத்தம் கோயிலில் இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஹெப்சிபாவைக் கமிட்டி அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, பேரத்தைச் சொன்னார். ஞாயிறு ஆராதனை நடுவில், பேராயர் பிரசங்கத்துக்கு முன்னால் வருகிற கூடுகையில், நீ கை காட்ட, சபையே ஆமென் பாடட்டும். பாட்டு முடிந்துபோகும். முடிந்த பாட்டுக்கு நான் பெயர் போடுகிறேன். மற்றவர்களுக்குப் போட்டிருக்கிற மாதிரியே, வலதுபக்கம், அதே எழுத்தில். நோட்டீஸ் புத்தகம் அச்சாகி வந்துவிடும், ஆனால் அலமாரியில் பூட்டி வைத்திருப்பேன், ஆமென் விழுந்த பிறகுதான் விநியோகம்.

"முடிஞ்ச பாட்டுக்குத்தான் பேரா, அண்ணாச்சி?"

"முடியாத ஒண்ணுக்கு எப்படிம்மா பேர் போட முடியும்?"

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது, நாலு பதில் இருந்தது, நாலையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் வாதாடாமல் ஓர் அறையை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. நேராகக் கீழத்தெருவுக்குப் போனாள், பீடி ஷெட்டில் ரஞ்சிதம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். ரஞ்சிதத்துக்கு ஐம்பது வயதிருக்கும், முறத்தை மடியில் வைத்து, தலையை நிமிர்த்தாமல், இலையைச் சுருட்டி மடக்கிக் கட்டிப் போட்டுக்கொண்டே விஷயம் முழுவதையும் கேட்டாள். மேலே அவளுடைய குரல் ஆறு அடியில் போய்க்கொண்டிருந்தது.

"நாப்பது வருஷமா கூட்டத்தோட கூட்டமா நின்னு பாடுதேன்" என்றாள் கடைசியில். "என் குரல் எதுன்னு எனக்கே தெரியாது கேட்டியா. இப்பதான் தெரியுது. லேசா மூக்கால பாடுதேன்."

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆமென் போட்டால் உங்கள் குரலும் போய்விடுமே அக்கா என்றாள்.

"போனாப் போவுது. நான் கேட்டாச்சுல்லா. நீ ஒம் பேரை வாங்கிக்க பிள்ள. ஒனக்கு அது வேணும், சின்னப்பிள்ளையில இருந்து கேக்கியே."

இதைவிட மோசமான காரியத்தை ரஞ்சிதம் செய்திருக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஹெப்சிபா வாதாடியிருப்பாள். வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டதால் நாலு நாளும் அவள் யாருடனும் பேசாமல், தெரு முனைகளில் நின்று நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், கடைசியில் அண்ணாச்சிக்குச் சரி என்று சொல்லி அனுப்பினாள்.

பண்டிகை அன்று கோயிலில் வாழைமரம், காகிதத் தோரணம், பின்கட்டில் அசனத்துக்கு ஏழு அண்டாவில் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும். கிளறுகிற ஆண்கள் பேஸ் குரலுக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் அந்த வருஷம் அடிப்பிடிக்கவில்லை. பேராயர் வந்தார், சிவப்பு அங்கியில், வாசலில் நின்று ஒரு கணம் காது கொடுத்தார், உள்ளே நடந்தார், அவர் நடை எட்டு அடிக்கு மாறியிருந்ததை வேதமுத்து சார் கவனித்தார். பத்து நாற்பத்திரண்டுக்குக் கூடுகை. அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் அலமாரிச் சாவியோடு நின்றார். பத்து நாற்பத்தொன்றுக்கு ஹெப்சிபா எழுந்து முன்னால் வந்தாள், சபை எழுந்தது, அவள் கையை உயர்த்தினாள்.

நாலு குரலும் நாலு இடத்திலிருந்து நெருங்கி வருவது கேட்டது. அவள் ஒன்பது வயதிலிருந்து கேட்ட பொருள் பத்தடி தூரத்தில் ஓர் அலமாரிக்குள் இருந்தது, தன் பெயர் அச்சில் இருக்கிறது, மை உலர்ந்திருக்கிறது. அவளுக்கு முன்னால் இருபது பேர் மூச்சை இழுத்தார்கள், அவர்களுக்குப் பின்னால் முந்நூறு பேர். ரஞ்சிதம் அக்கா வாயைத் திறந்து தயாராக நின்றாள், கண்கள் மட்டும் ஜன்னலுக்கு வெளியே, கீழத்தெருப் பக்கம், தன் குரல் இருக்கிற திசையில், ஊருக்குப் போகிற பிள்ளையைப் பஸ் ஏற்றி விடுகிறவள் பார்ப்பதுபோல. முடிந்ததற்குத்தான் பெயர், செத்ததற்குத்தான் பெயர் என்று இத்தனை வருஷம் இவர்கள் சொன்னார்கள், இப்போது தன் கையாலேயே அதைச் சரி என்று சொல்லப்போகிறோம் என்பது ஹெப்சிபாவுக்கு அந்தக் கடைசி அடியில்தான் உறைத்தது. நா என்று நாலும் ஒன்றாக விழுந்தது. கை இறங்கவில்லை. அடி கடந்தது. சோப்ரானோ ஓர் அடி முந்திக்கொண்டு விலகியது, மற்றவை பின்தொடர்ந்தன, முந்நூற்று இருபது பேரும் இழுத்து வைத்திருந்த மூச்சை மெதுவாக விட்டார்கள், அந்த மூச்சில் மெழுகுவர்த்திகள் சாய்ந்து நிமிர்ந்தன.

அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பெயர் போயிற்று என்று நினைத்தாள், நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

தனராஜ் அண்ணாச்சி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பேராயர் எழுந்து, வேதமுத்து சார் பக்கம் குனிந்து, அடுத்தது எப்போது என்று கேட்டார். பதினாலு நிமிஷம் ஐயா என்றார் இவர். பேராயர் தான் எழுதிக்கொண்டு வந்த தாள்களில் முக்கால்வாசியை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டு, பதினாலு நிமிஷம் பிரசங்கித்து, கூடுகையில் நிறுத்தினார். நாற்பது நிமிஷத்துக்குக் குறைந்து ஒரு பண்டிகைப் பிரசங்கத்தை ஆறுதல்புரம் கேட்டதேயில்லை, சபையின் முகமெல்லாம் மலர்ந்தது. அதற்குப் பிறகு நூற்றைம்பதாம் வருஷத்துக்கென்று தனியாக எழுதின ஸ்தோத்திர ஜெபம், குருவானவர் ஒரு வரி சபை ஒரு வரி, அது நோட்டீஸ் புத்தகத்தில்தான் இருந்தது, வேறெங்கும் இல்லை. பேராயர் கையை நீட்டினார், நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. நோட்டீஸ் எங்கே என்று அவர் கேட்டதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை, தெரிந்த ஒருவர் காது சிவக்கச் சிவக்க எழுந்து போய் அலமாரியைத் திறந்தார்.

முந்நூறு புத்தகமும் கைமாறின. ஒன்பதாம் பக்கத்தில், வலதுபக்க மூலையில், மற்றவர்களுக்குப் போட்டிருந்த அதே எழுத்தில், அவள் பெயர் இருந்தது. அதே மாதிரி போடு என்று அண்ணாச்சி சொல்லியிருந்தபடியால் அச்சுக்காரர் அடைப்புக்குறியும் போட்டிருந்தார், உள்ளே 2001 என்று போட்டு, ஒரு கோடு போட்டு, அப்புறம் போடுவதற்கு ஒன்றும் இல்லாததால் கொஞ்சம் இடம் விட்டு மூடியிருந்தார். அண்ணாச்சியும் ஒரு பிரதியைத் திறந்து அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார், பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திர ஜெபத்தை எல்லோரையும்விடச் சத்தமாக வாசித்தார்.

அசனத்துக்கு வரிசை நின்றபோது ரஞ்சிதம் அக்கா புத்தகத்தை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, மூலையில் விரலை வைத்தாள்.

"ஏட்டி, கோட்டுக்குப் பொறவு ஒண்ணையும் காணோமே?"

"இன்னும் இருக்கேன்லாக்கா" என்றாள் ஹெப்சிபா.

"ஆமா, கேக்குது" என்று சொல்லிவிட்டு ரஞ்சிதம் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.